வைண்டிங் கடையில் ஒரு சாட்சி: பில்லோடு குத்திய கைப்பிரதி முதல் திருப்பிக் கொடுத்த செம்பு வரை

திருநெல்வேலியிலிருந்து சேரன்மகாதேவி போகிற சாலையில் உள்ள ஒரு மோட்டார் வைண்டிங் கடையில் (எரிந்த மோட்டாருக்குப் புதுச் சுருள் கட்டித் தரும் கடை) நடந்ததை முழுசாக எழுதி வைக்கிறேன். கடைக்காரர் எங்கள் சேகரத்தை, அதாவது ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள சபைகளின் தொகுதியைச் சேர்ந்தவர். அவரும், இதில் வருகிற விவசாயியும், விவசாயியின் மகனும் எழுதச் சம்மதித்தார்கள், பெயரும் ஊரும் மட்டும் வேண்டாம் என்றார்கள். கடை, ஆட்டோ, தையல், மருந்துக்கடை என்று தினமும் முன்பின் தெரியாதவர்களோடு பழகுகிற கிறிஸ்தவர்கள் நம் பக்கம் ஏராளம். "வேலை செய்கிற இடத்தில் ஆண்டவரைப் பற்றி எப்படிச் சொல்வது" என்று கேட்பவர்களும் ஏராளம். அவர்களுக்காகத்தான் இது.

பின்னணி

கடைக்காரருக்கு ஐம்பதை நெருங்குகிற வயது. தொழில் கற்றது தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்தில். மிஷனரி மர்காஷிஸ் ஐயர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அந்த ஊரில் தொழிற்பள்ளி நடத்தியவர். கைத்தொழிலும் விசுவாசமும் சேர்ந்தே வளர்ந்த ஊர் அது, அங்கே படித்ததை இவர் இன்றும் பெருமையாகச் சொல்வார். கடையில் இரண்டு பையன்கள். ஒருவன் நம் சபைப் பையன், வாலிபர் கூட்டத்தில் முன்னால் நிற்பவன், ஆர்வம் அதிகம். இன்னொருவன் பக்கத்து ஊர் இந்துப் பையன், சுருள் சுற்றுவதில் கை நல்ல சுத்தம்.

நம் திருநெல்வேலிச் சபைக்கு சுவிசேஷம் சொல்வது புதிதல்ல. 1903-லேயே இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கி, தெலுங்கு பேசுகிற தோர்ணக்கல் பக்கம் ஆள் அனுப்பிய சபை இது. வேதநாயகம் சாமுவேல் அசரியா இந்த மண்ணிலிருந்து போய் 1912-இல் அங்கே பேராயரானவர். ஆனால் இந்தப் பெருமையோடு ஒரு பழக்கமும் நமக்கு வந்துவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது. ஊழியம் என்றால் அனுப்பப்பட்டவர் செய்வது, நாம் காணிக்கை போட்டால் போதும் என்கிற நினைப்பு. கடைக்காரர் அப்படி நினைக்காதவர். கொரிந்துவில் ஆக்கில்லாவோடு தங்கிக் கூடாரம் செய்த பவுலைத்தான் அவர் அடிக்கடி சொல்வார். கடையே என் ஊழிய இடம் என்று உண்மையாகவே நம்புகிறவர், அந்த நம்பிக்கைக்கு நான் தலைவணங்குகிறேன்.

கடையில் பார்த்தது

சபையின் ஊழியக் குழு சார்பாக நான் அவ்வப்போது அந்தக் கடையில் போய் உட்கார்ந்திருக்கிறேன். சுவரில் வசனப் பலகை. காலையிலிருந்து சாயங்காலம் வரை ஸ்பீக்கரில் கிறிஸ்தவப் பாட்டு. ஒவ்வொரு பில்லோடும் ஒரு கைப்பிரதி, அதாவது சுவிசேஷம் சொல்லும் சிறு அச்சுப் பிரசுரம், ஸ்டேப்ளரால் குத்தித் தரப்படும். யாரும் வேண்டாம் என்று சொன்னதாக நினைவில்லை என்றார் கடைக்காரர். நான் பார்த்தவரையிலும் யாரும் சொல்லவில்லை. பெரும்பாலும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போவார்கள். சாலையோரம் இரண்டு கடை தள்ளி அதில் சில கிடக்கும்.

வேறொன்றையும் பார்த்தேன், இதுதான் பிற்பாடு முக்கியமாகிப்போனது. எரிந்த மோட்டாரைப் பிரித்தால் பழைய செம்புச் சுருள் வரும். ஐந்து ஹெச்பி, ஏழரை ஹெச்பி மோட்டாரென்றால் அது கிலோக் கணக்கில் இருக்கும், பழைய செம்புக்கு எப்போதும் நல்ல விலை. பல இடங்களில் அது கடைக்கே போய்விடும், வாடிக்கையாளரும் கேட்பதில்லை. இந்தக் கடையில் உளியால் வெட்டி எடுத்த பழைய சுருளைத் தராசில் போட்டு, எடையைப் பில்லில் எழுதி, சாக்கில் கட்டி மோட்டாரோடு திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். புதுக் கம்பி எத்தனையாம் நம்பர், எவ்வளவு எடை என்பதும் பில்லில் இருக்கும். ஏன் என்று யாருக்கும் அவர் விளக்கியதில்லை.

சித்திரையில் வந்த மோட்டார்

போன வருஷம் சித்திரைக் கடைசி. பிசானம் அறுத்து முடிந்து, கால்வாயில் தண்ணீர் நின்று, கிணற்றை நம்பியே வாழை நின்றுகொண்டிருந்த நேரம். அறுபதைத் தாண்டிய ஒரு விவசாயி ஏழரை ஹெச்பி மோட்டாரை லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். வாழை குலை தள்ளுகிற பருவத்தில் இருந்தது. அந்த நேரத்தில் அந்த வெயிலில் நாலு நாள் தண்ணீர் இல்லையென்றால் காய் திரளாது, அப்புறம் குலைக்கு விலை கிடையாது. அதே மோட்டாரை மாசிக் கடைசியில்தான் வேறு எங்கோ கொடுத்துக் கட்டியிருக்கிறார், மறுபடி எரிந்துவிட்டது.

கடைக்காரர் கவரைக் கழற்றினார். சுருள்களில் ஒரு பகுதி மட்டும் கரிந்து கிடந்தது, மற்றவை நிறம் மாறாமல் இருந்தன. மின்சாரத்தின் மூன்று பேஸில் ஒன்று இல்லாமல் ஓடிய மோட்டார் இப்படித்தான் எரியும். அப்புறம் ஒரு கம்பியை இழுத்து பிளேடால் இனாமலைச் சுரண்டினார். சிவப்புக்குப் பதிலாக வெள்ளை தெரிந்தது. செம்புக்குப் பணம் வாங்கிக்கொண்டு அலுமினியம் கட்டியிருக்கிறார்கள். பெரியவர் அந்தக் கம்பியைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை.

கடைக்காரர் கம்பி வாங்க ஜங்ஷனுக்குக் கிளம்பிவிட்டார். அந்த இடைவெளியில் சபைப் பையன் பெரியவர் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தான். "தாத்தா, உங்கள ஏமாத்திட்டாவ. ஆனா ஆண்டவர்தான் உங்கள இங்க கொண்டாந்திருக்காரு" என்று ஆரம்பித்து, கைப்பிரதியைக் கொடுத்து, கொஞ்ச நேரம் பேசி, "உங்களுக்காக ஒரு ஜெபம் பண்ணட்டுமா?" என்று கேட்டான். பெரியவர் "சரி தம்பி" என்றார். அவன் பெரியவரின் தலையில் கைவைத்து ஜெபித்தான். சத்தமாகத்தான் ஜெபித்தான், கடையில் இன்னும் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். கடைக்காரர் திரும்பி வந்ததும் சந்தோஷமாகச் சொன்னான். அவரும் ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார். அவன் மனசில் கள்ளம் கிடையாது, அந்தப் பெரியவர் மேல் அவனுக்கு வந்த இரக்கம் நிஜம்.

மகன் வந்தது

மறுநாள் சாயங்காலம் மகன் வந்தார். முப்பது முப்பத்தைந்து வயது இருக்கும். சண்டை போட வந்தவர் மாதிரி தெரியவில்லை, ஆனால் முகம் இறுகியிருந்தது. பையில் இருந்து அந்தக் கைப்பிரதியை எடுத்து மேஜையில் வைத்து, கடைசிப் பக்கத்தை விரித்துக் காட்டினார். அவர்கள் கும்பிடுகிற சாமிகளைக் கல்லென்றும் பேயென்றும் சொல்கிற ஒரு பத்தி அதில் இருந்தது.

"அண்ணாச்சி, உங்க வேலையில நான் குத்தம் சொல்ல வரல. ஆனா மோட்டாரு உங்க பெஞ்சு மேல பிரிஞ்சு கெடக்கு, அங்க வாழ காயுது. அந்த நேரத்துல ஜெபம் பண்ணட்டுமான்னு கேட்டா, எங்க அப்பா எப்படி வேண்டாம்னு சொல்லுவாவ?"

கடைக்காரர் உடனே பதில் சொல்லவில்லை. அந்தப் பத்தியை முதல் தடவையாக அப்போதுதான் படித்தார். கட்டுக்கட்டாக யாரோ கொடுத்ததை வாங்கி வைத்து வருஷக்கணக்கில் பில்லோடு குத்திக் கொடுத்திருக்கிறார்கள், கடைசிப் பக்கம் வரை கடையில் ஒருவரும் படித்ததில்லை. "நீங்க கேக்குறது ஞாயம் தம்பி. அப்பாட்ட நானே வந்து பேசுதேன்" என்றார். சபைப் பையன் குறுக்கே ஏதோ சொல்ல வந்தான், அவர் கை காட்டி நிறுத்தினார்.

வேறு வழிகளும் அவருக்கு இருந்தன. அரசியலமைப்பின் 25-ஆவது பிரிவு மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது, அதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் 1977-இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். என் நம்பிக்கையின் போதனைகளை எடுத்துச் சொல்ல எனக்கு உரிமை உண்டு, இன்னொருவரை மதம் மாற்றுகிற உரிமை அதில் அடங்காது. சட்டப்படி பையன் குற்றம் ஒன்றும் செய்யவில்லை. இருந்தாலும் மகன் கேட்டது சட்டக் கேள்வி அல்ல, அதற்குச் சட்டத்தால் பதில் சொல்லாமல் விட்டது சரியான முடிவு என்பதே என் எண்ணம்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

அன்று ராத்திரியே கடைக்காரர் என்னையும் சபையில் போதிக்கிற உபதேசியாரையும் கூப்பிட்டார். பையன்கள் இருவரும் இருந்தார்கள். பேச்சு நெடுநேரம் போனது.

முதலில் கைப்பிரதி. பில்லோடு குத்துவதை நிறுத்துவது என்று முடிவானது. அப்போதுதான் இன்னொன்று வெளியே வந்தது. அந்தக் கைப்பிரதிகளைப் பெரும்பாலும் குத்தியது இந்துப் பையன்தான், பில் எழுதும் மேஜை அவன் பொறுப்பு என்பதால். "உனக்கு இது எப்படி இருந்துச்சுப்பா?" என்று கடைக்காரர் கேட்டார். "நீங்க சொன்னிய, செஞ்சேன் அண்ணாச்சி" என்றான், அவ்வளவுதான். தன்னிடம் சம்பளம் வாங்குகிற, தன் விசுவாசத்தில் பங்கில்லாத ஒரு பையனைக் கொண்டு இதைச் செய்ய வைத்திருக்கிறோம் என்பது கடைக்காரரை அந்தப் பத்தியை விட அதிகமாக உலுக்கியது. அந்தக் கூட்டத்தில் பேசப்பட்டவற்றில் எனக்கு மிகப் பெரியதாகத் தெரிவது இதுதான். வெளியாள் ஒருவர் கோபப்பட்டு வந்திராவிட்டால் நாங்கள் யாரும் அவனிடம் கேட்டிருக்க மாட்டோம்.

அடுத்தது பேச்சு. ஒருவருடைய பொருள் கடையில் பிரிந்து கிடக்கும்போது, அல்லது பணம் பாக்கி இருக்கும்போது, விசுவாசத்தைப் பற்றி நாமாக ஆரம்பிப்பதில்லை. ஜெபிக்கட்டுமா என்று நாமாகக் கேட்பதில்லை. வேலை முடிந்து, கணக்குத் தீர்ந்து, அவர் போக நினைத்தால் போகலாம் என்ற நிலையில் அவராகக் கேட்டால், நிறுத்தாமல், மறைக்காமல், தெளிவாகச் சொல்வது. 1 பேதுரு 3:15-ஐ உபதேசியார் எடுத்துக் காட்டினார். அங்கே விசாரித்துக் கேட்கிறவருக்குப் பதில் சொல்ல ஆயத்தமாயிருக்கச் சொல்லியிருக்கிறது, அதையும் சாந்தத்தோடு சொல்லச் சொல்லியிருக்கிறது.

சபைப் பையன் ஒத்துக்கொள்ளவில்லை. சுவிசேஷத்தைக் குறித்து வெட்கப்படுகிறோமா என்று கேட்டான். "அப்போ கேக்காதவங்க கேக்காமலே செத்துப் போனா?" என்றும் கேட்டான். இந்தக் கேள்வியை யாரும் லேசாக எடுக்கக்கூடாது. நாம் நம்புவது உண்மையென்றால் அவனுடைய பதற்றமும் நியாயமானது, அது இல்லாதவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. கடைக்காரர் அவனிடம் சொன்னது இது: தெருவில், பஸ் ஸ்டாண்டில், கூட்டத்தில் நீ யாரிடம் வேண்டுமானாலும் பேசு, அவர்கள் பிடிக்காவிட்டால் எழுந்து போய்விடலாம், ஆனால் இங்கே உட்கார்ந்திருப்பவரால் மோட்டாரை விட்டுவிட்டுப் போக முடியாது. பையன் முழுமனதாகச் சரி என்று சொல்லவில்லை, கடைக்குக் கட்டுப்படுகிறேன் என்று மட்டும் சொன்னான்.

வசனப் பலகையை எடுக்க வேண்டுமா என்றும் பேச்சு வந்தது. வேண்டாம் என்று முடிவு செய்தோம். சாமி படம் மாட்டாத கடை எந்தச் சாலையில் இருக்கிறது, யாரும் அதைத் தவறாக எடுப்பதில்லை. கடைக்காரர் யார் என்பதை மறைப்பதும் ஒருவகையில் நேர்மைக் குறைவுதான். பாட்டுச் சத்தத்தை மட்டும் குறைத்தார்கள்.

அப்புறம் நடந்தது

மோட்டாரைச் செம்பில் கட்டி, வார்னிஷ் காய்ந்து, மின்கசிவு பார்க்கும் மெக்கர் கருவியில் சோதித்து, கடைக்காரரே அதோடு தோட்டத்துக்குப் போனார். பெரியவரிடம் முதலில் மன்னிப்புக் கேட்டார். பெரியவர் "சின்னப் பய, ஆசையில சொல்லிட்டான், விடுங்க" என்றார். மகன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மோட்டாரை இறக்கிவிட்டுத் திரும்பாமல் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து பார்த்தார். ராத்திரி இரண்டு பேஸ் மட்டும் வரும்போது ஓட்டுவதற்காகக் கப்பாசிட்டர் போட்டு, பாதுகாப்பு ரிலே வேலை செய்யாதபடி ஒயரைத் தாவி இணைத்து வைத்திருந்தார்கள். "அலுமினியம் கட்டுனது தப்புதான். ஆனா அதனால மட்டும் எரியல, இப்படி ஓட்டினா என் செம்பும் எரியும்" என்று மகனிடம் சொன்னார். முந்தைய கடைக்காரர் மேல் முழுப் பழியையும் போட்டுவிட்டு நல்ல பேர் வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம், அவர் அதைச் செய்யவில்லை. ரிலேயைச் சரிசெய்து கொடுத்தார். பிரித்தெடுத்த அலுமினியத்தையும், அதன் கூடவே உள்ளே மிச்சமிருந்த கொஞ்சம் செம்பையும் எடை எழுதிய சாக்கில் கொடுத்தார்.

அப்புறம் ஒரு மாதம் ஒன்றுமில்லை. மோட்டார் ஓடியது. வைகாசிக் கடைசியில் மகன் தன் ஊரிலிருந்து இன்னொருவரின் மோட்டாரை அனுப்பிவைத்தார், அதற்கப்புறம் இன்னும் சிலர் வந்தார்கள்.

ஐப்பசியில் பெரியவர் தானாகவே கடைக்கு வந்தார். வேலை ஒன்றுமில்லை, ஒரு சீப்பு நாட்டு வாழைப்பழத்தோடு வந்திருந்தார். உட்கார்ந்து, கலர் குடித்து, மழை பற்றிப் பேசிவிட்டு, "ஏன் அண்ணாச்சி, பழைய கம்பிய எதுக்குத் திருப்பித் தாரிய? ஒருத்தரும் தரமாட்டாவளே" என்று கேட்டார்.

கடைக்காரர் சகேயுவின் கதையைச் சொன்னார். வரி வசூலிக்கிற ஆள், குள்ளமானவர், இயேசுவைப் பார்க்க மரத்தில் ஏறியவர், அவர் வீட்டுக்கு இயேசு தங்கப் போனதும் அநியாயமாக வாங்கினதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்றவர். "நானும் முன்னால எடுத்துக்கிட்டவன்தான் அண்ணாச்சி. ஒரு லெந்து நாள்ல, எங்க நோன்பு காலத்துல, இந்தக் கதையக் கேட்டேன், அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. அவரு என் வீட்டுக்கும் வந்துட்டாருன்னு நான் நம்புதேன், அதான் கொடுக்கேன்." அவ்வளவுதான் அவர் பேசியது. பெரியவர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, அந்தக் கதை எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று கேட்டார். லூக்கா சுவிசேஷம் தனிப் புத்தகமாக ஒன்று கடையில் இருந்தது, கொடுத்தார். சபைப் பையன் அப்போது பக்கத்தில் ஒரு ஸ்டேட்டரில் காகிதம் சொருகிக்கொண்டிருந்தான், ஒரு வார்த்தை பேசவில்லை.

தை மாதத்தில் பெரியவரின் மனைவிக்கு உடம்பு சரியில்லாமல் ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அந்த அம்மாளுக்காக ஜெபம் பண்ணுங்கள் என்று போன் பண்ணியது மகன். கடைக்காரர் போனார், அந்த அம்மாளிடம் கேட்டுவிட்டு, கட்டில் பக்கத்தில் நின்று மெதுவாக ஜெபித்தார். தலையில் கை வைக்கவில்லை. டாக்டர்கள் பார்த்த வைத்தியத்தில் அவர் தேறி வீட்டுக்கு வந்தார்.

பெரியவர் இன்றுவரை ஞானஸ்நானம் எடுக்கவில்லை, எடுக்கப்போவதாகச் சொல்லவும் இல்லை. பங்குனி உத்திரத்துக்குக் குடும்பத்தோடு சாஸ்தா கோயிலுக்குப் போய்வந்தார். லூக்காவை மகனும் எடுத்துப் படிப்பதாகச் சொன்னார். இதை வெற்றி என்றோ தோல்வி என்றோ கணக்கெழுத எனக்கு மனமில்லை. ஆண்டவருடைய பெயர் அந்த வீட்டில் இப்போது மரியாதையோடு சொல்லப்படுகிறது, சித்திரையில் அது கோபத்தோடு சொல்லப்பட்டது.

இனி மாற்ற வேண்டியவை

எந்தப் பிரதியானாலும் கடைசி எழுத்துவரை படித்தபிறகே சபையின் பெயரில் கைமாற வேண்டும். மற்றவர் கும்பிடுவதை இழிவுபடுத்தும் வரி இருந்தால் அந்தக் கட்டு முழுவதையும் ஒதுக்கிவிட வேண்டும். எங்கள் சேகரத்தில் இதைப் படித்துப் பார்க்க இருவரை வைத்திருக்கிறோம்.

நம்மிடம் வேலை செய்கிற வேற்று மதத்தவரை இதில் எந்த வகையிலும் ஈடுபடுத்தக்கூடாது. அவர்கள் "சரி" என்று சொன்னாலும் கூடாது, சம்பளம் கொடுப்பவரிடம் வேறு எதைச் சொல்வார்கள்?

புதிதாக வேலைக்குச் சேரும் வாலிபர்களுக்கு இதை முதல் நாளே சொல்லித்தர வேண்டும். ஆர்வத்தை அணைத்துவிடாமல், அது போகவேண்டிய இடத்தையும் காட்டித் தரவேண்டும். சபைப் பையன் இப்போது சனிக்கிழமை சாயங்காலம் ஊழியக் குழுவோடு கிராமங்களுக்குப் போகிறான். அங்கே நிறைய பேர் பாதியில் எழுந்து போகிறார்கள், சிலர் கடைசிவரை உட்கார்ந்து கேள்வி கேட்கிறார்கள். கேட்காதவர்கள் என்ன ஆவார்கள் என்ற அவனுடைய கேள்விக்கு அவன் மனசுக்கு முழுசாகப் பதில் கிடைத்துவிட்டதாக நான் சொல்ல மாட்டேன்.

கடைக்காரரிடம் நான் சொன்ன ஒன்று இன்னும் பாக்கி இருக்கிறது. பழைய செம்பைத் திருப்பித் தருவது நல்லது, அதற்கான காரணத்தை அவர் வருஷக்கணக்கில் யாரிடமும் சொல்லாமல் இருந்ததும் ஒரு குறைதான். சாக்கைக் கையில் கொடுக்கும்போது, கணக்கெல்லாம் முடிந்தபிறகு, "இது உங்க பொருள், வச்சுக்கிட்டா ஆண்டவருக்கு நான் பதில் சொல்லணும்" என்று ஒரு வரி சொல்லலாம். கேட்க நினைப்பவர் அதற்குமேல் கேட்பார், நினைக்காதவர் சாக்கை எடுத்துக்கொண்டு போவார். யோசிக்கிறேன் என்றார்.

சேகரத்தில் ஒரு தையல் கடையும் ஒரு மருந்துக்கடையும் இதே முறையில் நடக்க முன்வந்திருக்கின்றன. தையல் கடையில் துணியை வாங்கிக்கொண்டு போகும் நேரம் தனியாக வருகிறது, அங்கே சிரமமில்லை. மருந்துக்கடையில் வருபவர் நோயோடு அல்லது நோயாளிக்காக வருகிறார், மாத்திரை கைக்கு வந்தபிறகும் அவர் பயத்தில்தான் இருக்கிறார். அதனால் அங்கே வாயால் ஒன்றும் ஆரம்பிக்க வேண்டாம், காலாவதியான மருந்தை விற்காமல், விலை குறைந்த மருந்து இருப்பதை மறைக்காமல் நடப்பதோடு இப்போதைக்கு நிறுத்திக்கொள்ளும்படி சொல்லியிருக்கிறோம். பண்டிகை முடிந்ததும் இரண்டு கடைக்காரர்களோடும் உட்கார்ந்து பேசப்போகிறோம்.